முடிவு தெரிஞ்ச பிறகும் 'அந்த நாள்'

மக்களே, முதல்லயே ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில ஒரு படத்தோட கடைசித் திருப்பத்தைச் சொல்லப் போறேன். படம் வெளிவந்தது 1954 ஏப்ரல் 13. எழுபது வருஷம் தாண்டியாச்சு. அதனால 'ஸ்பாய்லர் போட்டுட்டான்'னு யாரும் ரூம் தேடி சண்டைக்கு வரமாட்டீங்கன்னு நம்புறேன். அப்படியும் மனசு கேக்கலைன்னா இங்கேயே நிறுத்திட்டு, ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஒதுக்கி 'அந்த நாள்' பார்த்துட்டு வாங்க. கட்டுரை எங்கயும் ஓடிப் போயிடாது.

இன்னும் இங்கதான் இருக்கீங்களா? சரி, ஆரம்பிக்கலாம்.

ஸ்பை படம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? கோட்டு சூட்டு, பறக்குற கார், பேனாக்குள்ள கேமரா, கடைசியில வெடிச்சுச் சிதறுற வில்லன் மாளிகை. ஜேம்ஸ் பாண்டோட முதல் படம் 'டாக்டர் நோ' வந்தது 1962-ல. நம்ம ஜெய்சங்கர் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்'னு நடிச்சு 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்'னு பேர் வாங்கினது அதுக்கும் அப்புறம். 'அந்த நாள்' இது எல்லாத்துக்கும் முன்னாடி. அதுல காரைத் துரத்துறது கிடையாது. சண்டை கிடையாது. ஒரு வீடு, ஒரு பிணம், அஞ்சு பேரோட வாக்குமூலம், அவ்வளவுதான். இது ஒற்றன் படம்ங்கிறதே படம் முடியப் போற நேரத்துலதான் நமக்குத் தெரியும்.

நான் இந்தப் படத்தை மூணு தடவை பார்த்திருக்கேன். மர்மப் படத்துக்கு ஒரு சாபம் உண்டு, கவனிச்சிருக்கீங்களா? கொலை பண்ணினது யாருன்னு தெரிஞ்சுட்டா மதிப்பு போயிடும். சஸ்பென்ஸ் படத்தை ரெண்டாவது தடவை பார்க்கிறது, விடைத்தாள் கைக்கு வந்த அப்புறம் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. ஆனா இந்தப் படம் மட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வேற படமா இருந்துச்சு. ஏன்னு சொல்றேன். அதைச் சொல்லணும்னா என்னைப் பத்தி ஒரு அசிங்கமான விஷயத்தையும் சொல்லணும். அது மூணாவது தடவையில வரும், பொறுங்க.

முதல் தடவை: கோவில்பட்டி, அரையாண்டு லீவு

எங்க தாத்தா கோவில்பட்டியில ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். இப்ப கடை இல்லை. ஆனா வீட்டுப் பரண்ல வால்வு ரேடியோ ரெண்டு இருக்கு. தபால் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிச்ச ரேடியோ லைசென்ஸ் புத்தகமும் இருக்கு. ரேடியோ கேக்குறதுக்கு லைசென்ஸ் வாங்கணும்னு ஒரு காலம் இருந்திருக்கு, யோசிச்சுப் பாருங்க. நான் இ.சி.இ. எடுத்ததுக்குப் பாதிக் காரணம் அந்தப் பரண்தான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் கூப்பிட்டார். "ஏலே, இங்க வா. பாட்டே இல்லாத படம் பாத்திருக்கியா?"

"பாட்டு இல்லாமலா? எந்த ஊர் படம் தாத்தா?"

"நம்ம ஊர் படம்தாம்ல. உக்காரு."

பாட்டு, நடனம், சண்டைக் காட்சி எதுவுமே இல்லாம வந்த முதல் தமிழ்ப்படம் 'அந்த நாள்'. ஒரு படத்துல பத்துப் பாட்டுக்கு மேல சர்வசாதாரணமா இருந்த காலம் அது. ஏவி.எம். தயாரிப்பு. டைரக்டர் எஸ். பாலசந்தர். இந்தப் பேரைப் பார்த்ததும் கே. பாலசந்தர்னு நினைக்காதீங்க. இவர் வீணை எஸ். பாலசந்தர். பின்னாடி பத்ம பூஷண் வாங்கின வீணை வித்வான். இந்தப் படம் எடுக்கும்போது அவருக்கு வயசு 27 கூட இருக்காது. சங்கீதத்துல கரை கண்ட மனுஷன் பாட்டே வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கார்! வசனம் எழுதினது ஜாவர் சீதாராமன். துப்பறியுற சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமா நடிச்சிருக்கிறதும் அவரேதான்.

கதை இதுதான். 1943 அக்டோபர். சென்னை மேல ஜப்பான் குண்டு போட்ட நேரம். ராஜன் என்கிற ரேடியோ என்ஜினியர் தன் வீட்டுல சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். ராஜனா நடிச்சது சிவாஜி கணேசன். ஆமா, படம் ஆரம்பிச்ச கையோட ஹீரோ காலி! 'பராசக்தி' வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. அதே 1954-லதான் 'மனோகரா'வும் வந்து, சங்கிலியோட அவர் பேசின வசனத்துல தியேட்டர் அதிர்ந்துச்சு. அந்த மனுஷனை முதல் காட்சியிலேயே பிணமாக்குறதுக்குத் தைரியம் வேணும்.

விசாரணை ஆரம்பிக்குது. பக்கத்து வீட்டு சின்னையாப் பிள்ளை, ராஜனோட தம்பி பட்டாபி மேல சந்தேகப்படுறார். பட்டாபிக்கோ தன் மனைவி ஹேமா மேலயே சந்தேகம். ஹேமா, ராஜனுக்குத் தொடர்பு இருந்த அம்புஜத்தைக் கை காட்டுறா. அம்புஜம் திரும்ப சின்னையாப் பிள்ளையையே கை காட்டுறா. வட்டம் முடிஞ்சுது. இந்த வட்டத்துக்கு வெளிய ஒருத்தி உக்காந்து அழுதுட்டு இருக்கா. ராஜனோட மனைவி உஷா. பண்டரிபாய்.

ஒன்பதாம் கிளாஸ் பையனுக்குப் பாதிக்கு மேல தூக்கம் வந்துச்சுங்கிறதை ஒத்துக்கிறேன். நடுவுல தாத்தா ஒண்ணு சொன்னார். "எல்லாரும் பேசறவன் மூஞ்சியையே பாப்பாங்க. நீ அந்தப் பொண்ணைப் பாரு." நான் பார்க்கலை. யார் கொன்னதுன்னு மட்டும்தான் பார்த்தேன். கொன்னது உஷான்னு தெரிஞ்சதும் 'அட!'ன்னு எந்திரிச்சு உக்காந்தேன். புருஷன் ஜப்பானுக்கு ரகசியம் விக்கிற ஒற்றன்னு கண்டுபிடிச்சு, அவனைத் தடுக்கப் போராடி, கடைசியில அவ கையில இருந்த துப்பாக்கி வெடிச்சதுதான் நடந்தது. சூப்பர் ட்விஸ்ட்னு சொல்லிட்டு கிரிக்கெட் விளையாடப் போயிட்டேன். தாத்தா டிவியை அணைக்காம கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார்.

அவர் சின்ன வயசுல இதை டென்ட் கொட்டாயில பார்த்தவர். முடிவு தெரிஞ்ச படத்தை எதுக்கு இத்தனை தடவை பார்க்கிறார்னு அன்னைக்குப் புரியலை.

ரெண்டாவது தடவை: ஹாஸ்டல் டிவி ரூம்

செகண்ட் இயர். மழையில கிரவுண்ட் எல்லாம் தண்ணி. நெட்டும் இல்லை. யாரோட லேப்டாப்லயோ இந்தப் படம் இருந்துச்சு. பதினாறு பேர் உக்காந்தோம். நான் ஒருத்தன்தான் ஏற்கனவே பார்த்தவன். கொலைகாரன் யாருன்னு பந்தயம் வச்சோம். தோத்தவன் பரோட்டா வாங்கித் தரணும். ஒவ்வொரு வாக்குமூலம் முடியும்போதும் பசங்க கட்சி மாறினாங்க. "தம்பிதான் மச்சி, சொத்துக்காக." "இல்லடா, தம்பி பொண்டாட்டி. அவ பேச்சுலயே தெரியுது." கருப்பு வெள்ளைப் படம் போட்டா எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தன்கூட போகலை. கடைசியில உஷான்னு சொன்னவன் யாருமே இல்லை. பரோட்டாவை அவங்கவங்க காசுலதான் சாப்பிட்டோம்.

அன்னைக்கு எனக்குப் பிடிபட்டது படத்தோட மெக்கானிசம். நம்ம பாடத்துலயே இருக்கிற விஷயத்தை வச்சுச் சொல்றேன். ரகசியமா டிரான்ஸ்மிட்டர் இயக்குற ஒற்றனை அந்தக் காலத்துல எப்படிப் பிடிச்சாங்க? லூப் ஆண்டெனா வச்சுத்தான். லூப்பைச் சுத்திக்கிட்டே வந்தா ஒரு திசையில சிக்னல் சுத்தமா அடங்கும். அதை வச்சு சிக்னல் எந்தக் கோட்டுல இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கலாம். ஒரு இடத்துல இருந்து ஒரு கோடு, இன்னொரு இடத்துல இருந்து இன்னொரு கோடு. ரெண்டும் வெட்டிக்கிற புள்ளியில ஆள் இருக்கான். ஆனா ராத்திரியில இதுல ஒரு தொல்லை உண்டு. அயனோஸ்பியர்ல பட்டுத் திரும்புற அலையும் சேர்ந்து வந்து கோட்டைத் திருப்பிவிட்டுடும். கருவி சரியாத்தான் இருக்கும், காட்டுற திசை தப்பா இருக்கும்.

'அந்த நாள்' படத்துல ஒவ்வொரு சாட்சியும் ஒரு லூப் ஆண்டெனா. எல்லாரும் ராஜனைப் பார்த்தவங்கதான். பெரும்பாலும் யாரும் வேணும்னே பொய் சொல்லலை. ஆனா ஒருத்தனுக்குப் பணக் கவலை, ஒருத்திக்குக் கோபம், ஒருத்திக்குப் பொறாமை. கோடு வளைஞ்சுடுது. அஞ்சு கோடு போட்டும் ஒரு புள்ளியில வெட்டிக்கலை. ராஜன் உண்மையில யாருங்கிறது அவனோட ஒரே வீட்டுல இருந்தவங்களுக்கே தெரியலை.

இந்த உத்தியை பாலசந்தர் எங்கிருந்து எடுத்தார்னு உங்கள்ல சினிமா கிளப் ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அகிரா குரோசவாவோட 'ராஷோமான்', 1950. 1951-ல வெனிஸ்ல தங்கச் சிங்கம் வாங்கின படம். அதைத் திரைப்பட விழாவுல பார்த்துட்டு வந்து, அந்தப் பாதிப்புல பாலசந்தர் எழுதின நாடகத்தை முதல்ல அகில இந்திய வானொலி ஏத்துக்கலைன்னு சொல்வாங்க. அப்புறம்தான் அது ஏவி. மெய்யப்பன் கிட்ட வந்து படமாச்சு.

காப்பின்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. ரெண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தா ஒரு பெரிய வித்தியாசம் தெரியும். 'ராஷோமான்'ல ஆளாளுக்கு 'நான்தான்'ங்கிறாங்க. கொள்ளைக்காரன் 'நான்தான் கொன்னேன்'னு பெருமையாச் சொல்றான். மனைவி தன் கையாலதான் நடந்திருக்கணும்ங்கிறா. செத்தவனோட ஆவி வந்து 'நானே குத்திக்கிட்டேன்'னு சொல்லுது. 'அந்த நாள்'ல அப்படியே தலைகீழ். ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டுறாங்க. குரோசவா உண்மை எதுன்னு சொல்லாமலே விட்டுடுவார். பாலசந்தர் உண்மையைச் சொல்லிடுறார். ஆனா அதைச் சொல்ற ஆள், சொல்லாம இருந்தா தப்பிச்சிருக்கக்கூடியவ.

படம் முடிஞ்சதும் ஒரு சண்டை வந்துச்சு. ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருத்தன் கேட்டான்: "எங்க கொள்ளுத்தாத்தா மலாயாவுல இருந்து நேதாஜி படையில சேர்ந்தவரு. அவரும் ஜப்பான்காரனோட சேர்ந்துதான் போனாரு. எதிரி யாரு, வெள்ளக்காரன்தானே? அப்ப ராஜன் மட்டும் எப்படி மச்சி துரோகி?"

நல்ல கேள்வி. 1943 ஜூலையில சிங்கப்பூர்ல நேதாஜி இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏத்துக்கிட்டார். அக்டோபர் 21-ல ஆசாத் ஹிந்த் அரசை அறிவிச்சார். படத்துல கொலை நடக்கிறது அதுக்குப் பத்து நாளைக்கு முன்னாடி. அந்தப் படையில மலாயா, பர்மாவுல இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்குல இருந்தாங்க. அவங்களை நாம தியாகின்னுதான் சொல்றோம். பதினாறு பேர்ல யாருக்கும் அன்னைக்குச் சரியான பதில் வரலை. "படம்னா அப்படித்தாண்டா" என்று சொல்லி மெஸ்ஸுக்குப் போயிட்டோம்.

கேள்வி மட்டும் எனக்குள்ள நின்னுடுச்சு.

மூணாவது தடவை: போன மாசம், ரூம்ல தனியா

இப்ப அசிங்கமான விஷயத்துக்கு வரேன்.

இந்த வருஷ சிம்போசியத்துக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வெப்சைட் பண்ணினது நான். உங்கள்ல பல பேர் அதுலதான் பேர் கொடுத்திருப்பீங்க. மூணு வாரம் ஒழுங்காத் தூங்கலை. பணம் கட்டினா ரசீது வரணும், ஒரே ஆள் ரெண்டு தடவை பதிஞ்சா கண்டுபிடிக்கணும், கடைசி நாள் கூட்டத்துல சைட் படுத்துடக்கூடாது. எல்லாம் ஒரே ஆள். 1,240 பேர் பதிஞ்சாங்க, ஒரு தடவைகூட சைட் நிக்கலை. நிறைவு விழாவுல மேடையில எல்லாருக்கும் நன்றி சொன்னாங்க. சவுண்டு சிஸ்டம் அண்ணனுக்குச் சொன்னாங்க, ஜூஸ் கொடுத்தவங்களுக்குச் சொன்னாங்க. என் பேர் வரலை. சரி, மறந்திருப்பாங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சு சர்டிஃபிகேட் வந்துச்சு. அதுல என் பேருக்குக் கீழ 'பங்கேற்பாளர்'னு அச்சடிச்சிருந்தாங்க. சிரிப்பு வருதுல்ல? இப்ப எனக்கும் வருது. அன்னைக்கு வரலை.

அந்த வாரத்துலயே ஒரு போன். "தம்பி, உங்ககிட்ட ஸ்டூடன்ட்ஸ் லிஸ்ட் இருக்காமே? பேரு, காலேஜு, போன் நம்பர். ஒரு நம்பருக்கு அஞ்சு ரூபா தரோம். எல்லாரும் கொடுக்கிறதுதான் தம்பி." ஏதோ கன்சல்டன்சியாம். இந்த மாதிரி கால் நம்ம எல்லாருக்கும் வருது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த நிமிஷத்துல இருந்து 'அட்மிஷன் வேணுமா'ன்னு கூப்பிட்ட குரல்களை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அவங்களுக்கு நம்ம நம்பர் எங்கிருந்து போச்சுன்னு திட்டியிருப்போம். எங்கிருந்து போகுதுன்னு அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுது. என்னை மாதிரி ஆள்கிட்ட இருந்து.

1,240 பெருக்கல் 5. 6,200 ரூபா. கணக்கு போட்டேனான்னு கேட்டா, ஆமா, போட்டேன். "நாளைக்குச் சொல்றேண்ணே"ன்னு சொல்லிட்டு போனை வச்சேன். லிஸ்ட்டை ஒரு ஃபைலா டவுன்லோடும் பண்ணிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி இந்தப் படத்தைத் திரும்பப் பார்த்ததுக்கு எந்தத் தெய்வீகக் காரணமும் இல்லை. பழைய படம் ஒண்ணைப் பத்தி எழுதித் தாடான்னு நம்ம இதழ் எடிட்டர் ரெண்டு வாரமாக் கேட்டுட்டு இருந்தா. குறிப்பு எடுக்கலாம்னு போட்டேன்.

ராஜன் ஏன் ஒற்றன் ஆனான்? ஜப்பான் மேல அவனுக்குக் காதல் இல்லை. கொள்கை எதுவும் இல்லை. அவன் திறமைசாலி. ரேடியோ துறையில பெருசா செய்யணும்னு நினைச்சவன். அவன் உழைப்புக்கும் யோசனைக்கும் இங்க மதிப்பு கிடைக்கலை. அந்தக் கசப்புல, மதிப்பும் பணமும் கொடுக்கிற பக்கம் போயிடுறான். முதல் ரெண்டு தடவை பார்க்கும்போது இது கதைக்காகச் சொன்ன காரணம்னு கடந்து போயிட்டேன். மூணாவது தடவை, சிவாஜி குரல்ல என் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்த நியாயமெல்லாம் கேட்டுச்சு. நான் இவ்வளவு பண்ணினேன், எனக்கு என்ன கிடைச்சுது? நான் கொடுக்காட்டி வேற ஒருத்தன் கொடுப்பான். வெறும் நம்பர்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?

நான் ஒரு நாட்டைக் காட்டிக் கொடுத்தேன்னு சொல்லலை. ரெண்டும் ஒரே அளவு தப்புன்னும் சொல்லலை. நியாயம் கற்பிச்சுக்கிற விதம் அச்சு அசல் ஒண்ணா இருந்துச்சு. அதுதான் பயமா இருந்துச்சு.

இங்கதான் சிவாஜியை நினைச்சு ஆச்சரியப்படணும். ராஜனை அவர் வில்லனா நடிக்கலை. கண்ணை உருட்டலை, பல்லைக் கடிக்கலை. அன்பாப் பேசுறான், வீட்டுல சிரிக்கிறான், தன் பக்கம் நியாயம் இருக்குன்னு முழுசா நம்புறான். பாண்ட் பட வில்லனைப் பார்த்து யாரும் 'இது நான்'னு நினைக்க மாட்டோம். ராஜனைப் பார்த்து எந்த என்ஜினியரிங் ஸ்டூடன்டும் நினைக்கலாம். ரிவ்யூல நாலு நிமிஷத்துல ப்ராஜெக்டைத் தூக்கி ஓரமா வச்சிருக்காங்களா? உங்க வேலைக்கு வேற ஒருத்தன் பேர் வாங்கியிருக்கானா? அப்ப உங்களுக்கும் ராஜனைத் தெரியும்.

அந்த ராமநாதபுரத்துப் பையனோட கேள்விக்கும் அன்னைக்கு எனக்கு ஒரு பதில் கிடைச்சுது. அவனோட கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் மேல இருந்த கோபத்தை வெளிப்படையா, தன் உயிரைப் பணயம் வச்சுக் காட்டினார். ராஜன் யார் மேலயோ இருந்த கோபத்தை யார் தலையிலயோ இறக்குறான். அவனை மதிக்காத அரசாங்கத்துக்கு அவன் அனுப்புற ரகசியத்தால என்ன ஆகப் போகுது? குண்டு விழுறது தெருவுல இருக்கிறவன் மேலதானே?

அந்தக் காலத்துச் சென்னைக்காரங்களுக்கு இது வெறும் வசனம் இல்லை. 1942 ஏப்ரல்ல கொழும்பு மேலயும் விசாகப்பட்டினம் மேலயும் ஜப்பான் குண்டு போட்டதும், அடுத்தது சென்னைதான்னு ஊரே காலியாச்சு. மூட்டை முடிச்சோட ஜனங்க ரயில் ஏறினாங்க. அரசு அலுவலகங்களை உள்மாவட்டங்களுக்கு மாத்தினாங்க. கூண்டு உடைஞ்சு வெளிய வந்துட்டா என்ன ஆகும்னு மிருகக்காட்சிசாலையில இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்னுட்டாங்க. 1943 அக்டோபர்ல நிஜமாவே குண்டு விழுந்தப்போ சேதம் பெருசா இல்லை. ஆனா அந்தப் பயம் பெருசு. படம் வந்தப்போ தியேட்டர்ல உக்காந்திருந்தவங்கள்ல அந்த ரயில்ல ஏறினவங்க நிறையப் பேர் இருந்திருப்பாங்க. அவங்களுக்கு ராஜன் அனுப்புற ஒவ்வொரு செய்தியும் அவங்க தெருவைப் பத்தினது.

அப்புறம்தான் தாத்தா சொன்னது ஞாபகம் வந்துச்சு. உஷாவைப் பாரு.

முடிவு தெரிஞ்சவன் கண்ணால பண்டரிபாயைப் பாருங்க. மத்தவங்க ஒவ்வொருத்தரும் அடுத்தவனைக் கை காட்டிட்டு இருக்கிற அத்தனை நேரமும், அந்த வீட்டுல உண்மை தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். முதல் தடவை நாம பார்த்தது புருஷனை இழந்தவளோட அழுகை. இப்ப அதே அழுகையில எத்தனை விஷயம் இருக்கு! அவ கொன்னது அவ காதலிச்சுக் கல்யாணம் பண்ணின ஆளை. தப்பிக்கணும்னா பேசாம இருந்தாப் போதும். ஆனா பேசாம இருந்தா குற்றம் இல்லாத ஒருத்தர் மாட்டுவாங்க. பேசினா செத்துப்போனவன் பேரு துரோகின்னு ஆயிடும். நடிப்புல ஒரு பிரேம்கூட மாறலை. மாறினது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். தாத்தா இத்தனை தடவை பார்த்தது இந்தப் படத்தைத்தான். நான் ஒன்பதாவதுல பார்த்த படத்தை இல்லை.

ராஜன் செய்யுற வேலைக்கு முகம் கிடையாது. எங்கயோ அனுப்புறான், எங்கயோ விழுது. உஷாதான் அவன் முன்னாடி வந்து நிக்கிற முகம். எனக்கு அப்படி ஒரு முகம் வந்தது அந்த ஃபைல்ல இருந்து. ரெஜிஸ்ட்ரேஷன் நேரத்துல வேற காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தி ஹெல்ப் நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தா. "அண்ணா, என் நம்பர் கொடுக்கக்கூடாதுன்னு வீட்ல சொல்லிருக்காங்க. அப்பா நம்பர் போடலாமா?" நான் பதில் போட்டிருந்தேன்: "எதைப் போட்டாலும் வெளிய போகாதும்மா, பயப்படாத." அந்த மெசேஜைத் தேடிப் போய்த் திரும்பப் படிச்சேன். என் பேரை மேடையில சொல்லாதது அவளா? சர்டிஃபிகேட்ல தப்பா அடிச்சது அவங்க அப்பாவா?

ஃபைலை அந்த ராத்திரியே அழிச்சேன்னு எழுதினா கட்டுரை நல்லா முடியும். உண்மை என்னன்னா, அது இன்னும் ரெண்டு நாள் டவுன்லோட்ஸ்ல இருந்துச்சு. அந்த ஆள் மூணு தடவை கூப்பிட்டார், நான் எடுக்கலை. 'வேண்டாம்'னு சொல்றதுக்கே ரெண்டு நாள் ஆச்சு. அப்புறம்தான் அழிச்சேன், நம்பரை பிளாக் பண்ணினேன். ஸ்டாஃப் கோஆர்டினேட்டர் மேடம்கிட்ட நடந்ததைச் சொல்லி, சைட்டோட பாஸ்வேர்டையும் ஒப்படைச்சேன். மேடம் திட்டலை. "சர்டிஃபிகேட்டை ஏன்ப்பா அன்னைக்கே வந்து சொல்லலை"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கும் என்கிட்ட பதில் இல்லை.

கடைசியா

'அந்த நாள்' வந்தப்போ சரியாப் போகலை. பாட்டு எங்கன்னு கேட்டு ஜனங்க ஏமாந்துட்டாங்க. அப்புறம் தேசிய விருது வரிசையில தமிழ்ப் படத்துக்கான சான்றிதழ் கிடைச்சுது. திரும்ப ரிலீஸ் பண்ணினப்போ ஓடுச்சு. இன்னைக்குத் தமிழ்ல முக்கியமான படங்கள்னு யார் பட்டியல் போட்டாலும் இது இருக்கும். பாலசந்தர் அதுக்கப்புறம் 'பொம்மை', 'நடு இரவில்'னு நல்ல மர்மப் படங்கள் எடுத்தார். முதல் ஓட்டத்துல மதிப்பு கிடைக்காத மனுஷன் அடுத்த வேலையைப் பார்த்தார்னு இதுல எனக்குத் தனியா ஒரு ஆறுதல்.

போன ஞாயித்துக்கிழமை தாத்தாவுக்கு போன் பண்ணி, "உஷாவைப் பார்த்தேன் தாத்தா"ன்னு சொன்னேன். அவருக்கு முதல்ல புரியலை. "எந்த உஷால? காலேஜ் பிள்ளையா?"ன்னு பதறிட்டார். படத்தைச் சொன்னதும் சிரிச்சார். "இப்பத்தான் பாத்தியாக்கும்"னு சொல்லிட்டு, பரண்ல இருக்கிற ரேடியோவை லீவுல வந்து எடுத்துட்டுப் போகச் சொன்னார்.

நீங்களும் படத்தைப் பாருங்க. ஹெட்போன் போட்டுப் பாருங்க. பாட்டு இல்லாத படத்துல சத்தம் எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியும். முடிவு ஏற்கனவே தெரிஞ்சுடுச்சேன்னு என்னைத் திட்டாதீங்க. நீங்க நேரா ரெண்டாவது தடவையில இருந்து ஆரம்பிக்கிறீங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. இதைப் படிக்கிறவங்கள்ல அந்த 1,240 பேர் நிறையவே இருப்பீங்க. உங்க நம்பர் என் லேப்டாப்ல ரெண்டு நாள் விலைக்கு இருந்துச்சு. இப்ப இல்லை. உங்ககிட்ட இதைச் சொல்லாம, வெறும் சிவாஜி நடிப்பைப் பாராட்டி ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்கத்தான் முதல்ல நினைச்சேன். உஷாவை மூணு தடவை பார்த்த அப்புறம் அதுக்கு மனசு வரலை.